யாரையும் சட்டை செய்யாத பிரபு

"ப்ளம், நீ என் வாழ்க்கை வரலாற்றை எழுதப் போறே."

"ஆமா, மை லார்ட்."

"நான் பிறக்கறதுக்கு முன்னால இந்த இங்கிலாந்துல சொல்லிக்கிற மாதிரி ஏதாவது நடந்திருக்கா?"

"இல்லை, மை லார்ட்."

"அப்போ நான் பிறந்ததுலேர்ந்தே ஆரம்பிச்சிடு. உண்மையை மட்டும்தான் எழுதணும். என்ன?"

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் தயங்கினேன். அதிகாரி அல்லாத எவனும் பிரபுவிடம் இரண்டே வாக்கியங்கள்தான் பேசலாம் என்பது அவரே பிறப்பித்த ஆணை. ‘ஆமா, மை லார்ட்’ என்று சொல்லலாம். ‘இல்லை, மை லார்ட்’ என்றும் சொல்லலாம். இரண்டில் ஆபத்து குறைந்தது எதுவோ அதைச் சொன்னேன்.

"ஆமா, மை லார்ட்."

கிரிமியா யுத்தம் முடிந்து, பிரபுவின் சொந்த உல்லாசக் கப்பலில் நாங்கள் ஊர் திரும்பும்போது நடந்த உரையாடல் இது. அந்த ஆணைக்குப் பணிந்து எழுதுகிறேன்.

உலகத்தில் எத்தனையோ பேர் பிறந்திருக்கிறார்கள். பிறந்ததையே ஒரு சாதனையாகச் செய்துகாட்டியவர் ஏழாவது பெவரிங்டன் பிரபு, மார்மடியூக் அகஸ்டஸ் டி வெஸ்ப்ரே ஒருவர்தான். பிறந்த அன்றே மூன்று மாளிகைகளுக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மீன்களோடு கூடிய ஓர் ஏரிக்கும் அவர் வாரிசானார். இத்தனையையும் உழைத்துச் சம்பாதிக்கச் சாதாரண மனிதனுக்கு இருநூறு வருஷமாவது ஆகும். பிரபு அதை ஒரு காலைப்பொழுதில் முடித்தார். அதிலும் சிரமமான பகுதியை அவருடைய தாயார்தான் பார்த்துக்கொண்டார்.

வாலிப வயதில் அவருக்கு வீரம் வந்தது. வந்ததும் கடைக்குப் போய்த் தொப்பி வாங்குவதுபோல் பதவி வாங்கினார். நம் ராணுவத்தில் அதிகாரிப் பதவிகளுக்கு விலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திங்கட்கிழமை லெப்டினன்ட். மழைக்காலம் முடிவதற்குள் கேப்டன். குதிரையின் எந்தப் பக்கம் தலை என்று சந்தேகமறத் தெரிந்துகொண்ட மறுநாள், ஆஷ்பரோ பாசறையில் இருந்த எங்கள் குதிரைப்படையையே மொத்தமாக வாங்கிவிட்டார். முந்நூறு வீரர்கள், முந்நூற்று இருபது குதிரைகள், ஒரு முரசு, ஓர் எழுத்தன். அந்த எழுத்தன் நான். சார்ஜன்ட் ஜோசையா ப்ளம்.

அவர் செய்த முதல் சீர்திருத்தம் கால்சட்டை. எங்கள் பழைய சாம்பல்நிறக் கால்சட்டையைப் பார்த்து, "இது என்ன, கோதுமை மூட்டையா?" என்றார். கத்தரிப்பூ நிறத்தில், தோலோடு ஒட்டியதுபோல் புதியது தைக்கப்பட்டது. அதை மாட்டிவிட்டால் முழங்காலை மடக்க முடியாது. குதிரை ஏற இரண்டு பேர் கீழேயிருந்து தூக்கிவிட வேண்டும். அந்த இரண்டு பேரையும் தூக்கிவிட வேறு இரண்டு பேர் வேண்டும். கடைசி இரண்டு பேரை என்ன செய்வது என்று ராணுவ அறிஞர்கள் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இறுக்கம் தாங்காமல் ஒவ்வொரு வீரனுக்கும் தொடையில் தனித்தனியாகப் படை வந்தது. ஐரோப்பாவிலேயே முந்நூறு படைகளைக் கொண்ட ஒரே படை எங்களுடையதுதான்.

ஒழுக்கத்தில் பிரபு நெருப்பு. மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு லெப்டினன்டைப் பார்த்து, "குதிரைப்படை வீரன் நனையலாம், காயக்கூடாது" என்று கர்ஜித்து, அங்கேயே துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். சண்டை நடந்த காலையிலும் மழை. பிரபுவின் துப்பாக்கி நனைந்துபோய்த் தும்மியது. லெப்டினன்டின் துப்பாக்கி குடைக்குள் இருந்ததால் வெடித்து, பிரபுவின் வலது காது நுனியைக் கொண்டுபோயிற்று. விசாரித்த பிரபுக்கள் அத்தனை பேரும் அவரோடு நரி வேட்டைக்குப் போகிறவர்கள். அவர்கள் பாரபட்சமில்லாமல் குடையைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பத்திரிகைகள் கூச்சல் போட்டன. பிரபு சட்டை செய்யவில்லை. அவர் யாரையுமே சட்டை செய்யாதவர்.

இந்த இடத்தில் டார்க்கஸ் ஃபென் பற்றி இரண்டு வார்த்தை எழுத வேண்டியிருக்கிறது. பிரபுவின் வரலாற்றில் ஒரு சலவைக்காரிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பிரபுவும் பதினோரு வருஷம் அதைத்தான் கேட்டார்.

அதிகாரிகளின் உணவுக்கூடத்துத் துணிகளையெல்லாம் வெளுத்து, கஞ்சி போட்டு, பெட்டி போடுகிறவள் அவள். நான் கணக்கில்லாத தடவை அந்தச் சலவை அறைக்கு மைக்கறை படிந்த கைக்குட்டைகளோடு போனேன். ஒருநாள் அவளே சொன்னாள்.

"சார்ஜன்ட், எழுதறதுக்குக் காகிதம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? கைக்குட்டையிலதான் எழுதணும்னு இல்லை."

"தெரியும்."

"அப்புறம் ஏன் தினமும் வர்றே?"

"மை கொட்டிடுது."

"தினமும்?"

"ஆமா, மை லார்ட்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த கஞ்சி பொங்கி வழிந்தது. அன்றே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு. எனக்கு இருபத்தாறு.

ஆனால் ராணுவத்தில் ஆணும் பெண்ணும் முடிவு செய்தால் போதாது. நூறு வீரர்களுக்கு ஆறு பேர்தான் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதுவும் படைத்தலைவர் அனுமதித்தால். அந்த ஆறு மனைவிகளின் பெயர் ‘படைபலப் பட்டியல்’ என்ற புத்தகத்தில் ஏறும். அவர்களுக்கு அரை வயிற்று உணவும், பாசறை மூலையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு மறைத்த ‘குடும்ப வீடு’ம் உண்டு. அனுமதியில்லாமல் கட்டிக்கொண்டவனுடைய பெண்டாட்டிக்கு எதுவும் கிடையாது. பட்டியலில் இருப்பவளை நாங்கள் ‘பலம்’ என்போம். இல்லாதவளை ‘பலவீனம்’ என்போம்.

"உன் பலவீனம் எப்படிடா இருக்கா?" என்று ஒருவன் கேட்பான்.

"ஊருக்கு வெளியில ஒரு மாட்டுக்கொட்டாய்ல இருக்கா. இருமல்தான் விடலை" என்று நெட் ஃபவுல் பதில் சொல்வான். நெட் எங்கள் படையிலேயே நன்றாக விசில் அடிக்கிறவன். அவனுடைய பலவீனத்தின் பெயர் லெட்டி.

டார்க்கஸைப் பலவீனமாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மனு எழுதினேன்.

மனு என்றால் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது என்பது பிரபுவின் இன்னொரு ஆணை. எழுதி எழுதி அடித்தேன். ‘திருமணம் செய்துகொள்ள’ என்பது நீளமாக இருந்தது. கடைசியில் இப்படி வந்தது: ‘டார்க்கஸ். வயது இருபத்திரண்டு. ஆஷ்பரோவில் வளர்ந்தது. நல்ல உடற்கட்டு, சாந்தமான குணம். கட்டிக்கொள்ளத் தங்கள் மேலான அனுமதி தேவை.’

மனுவைத் திருப்பி அனுப்பும்போது பிரபு தம் கைப்பட எழுதியிருந்தார்: ‘லாயத்தில் ஒரு இடம் இருக்கிறது. கட்டலாம். முதலில் பல்லைப் பார்க்கவும்.’

குதிரைப்படைத் தலைவர் ஒருவர் குதிரை ஞாபகமாகவே இருப்பதில் தவறு காண்பவன் நானில்லை. ஆணை ஆணைதான். மறுநாள் காலை படையின் கால்நடை மருத்துவர் ஹக்கின்ஸ், கையில் பிரபுவின் உத்தரவோடு சலவை அறை வாசலில் வந்து நின்றார்.

"டார்க்கஸ் எங்கே?"

"நான்தான்."

ஹக்கின்ஸ் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முப்பது வருஷ ராணுவ சேவை அவரைக் கேள்வி கேட்காத மனிதராகப் பக்குவப்படுத்தியிருந்தது.

"கொஞ்சம் வாயைத் திறம்மா."

"எதுக்கு?"

"பல்லு பார்க்கணும். உத்தரவு."

"யாரு உத்தரவு?"

"பிரபுவே போட்டது. பல்லு பார்த்துட்டு, பின்னங்காலைத் தூக்கி லாடம் வேற பார்க்கச் சொல்லி..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஈரமான மேசைவிரிப்பு ஒன்று, நான்கு முழம் நீளம், அவர் முகத்தில் வந்து அறைந்தது. அன்று மாலை அவர் அனுப்பிய அறிக்கையில் ஒரே வரிதான்: ‘பற்கள் பூரணம். ஆனால் உதைக்கிறது.’

பிரபு ஓரத்தில் எழுதினார்: ‘உதைக்கும் இனம் நம் படைக்கு வேண்டாம். நிராகரிக்கப்பட்டது.’

நான் அதை டார்க்கஸிடம் படித்துக் காட்டினேன்.

"ஏன் ஜோசையா, நேர்ல போய், ‘அது குதிரை இல்லை, பொண்ணு’ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கு ரெண்டு வாக்கியம்தான் அனுமதி. அதுல அது இல்லை."

"வாய்னு ஒண்ணை எதுக்குத்தான் வெச்சிருக்கே? சூப்பு குடிக்கவா?"

பிறகு நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து எஸ்டேட் கனவானின் மனைவி பிரபுவின் மாளிகைக்கு விருந்துக்கு வந்து, சூப்பு பிடித்துப்போய், நான்கு வருஷம் தங்கிவிட்டாள். இதற்குப் பிரபு யாரிடமும் மனு போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர் மிகவும் இளகியிருந்தார். ஒருநாள் அணிவகுப்பில் என் முன்னால் குதிரையை நிறுத்தினார்.

"ப்ளம், நீ சந்தோஷமா இருக்கியா?"

என் வாழ்க்கையின் பொன்னான தருணம் என்று நினைத்தேன். ஏன் இல்லை என்று கேட்பார். கேட்டால் சொல்லியாக வேண்டும்.

"இல்லை, மை லார்ட்!"

"நல்லது" என்றார். "சந்தோஷமா இருக்கிற சிப்பாய் சண்டை போட மாட்டான்." குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. யுத்தம் வந்தது.

யுத்தத்துக்குப் பிரபு செய்த ஆயத்தங்கள் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்கத் தக்கவை. எங்களுக்குக் கம்பளி மேலங்கி தருவதாக இருந்தது. அது கால்சட்டையின் அழகை மறைக்கும் என்பதால் வேண்டாம் என்று எழுதிவிட்டார். தமக்கென்று உல்லாசக் கப்பல், பிரெஞ்சு சமையல்காரர், குளிக்கும் தொட்டி, கஞ்சி போட்ட நாற்பது சட்டைகள். நாற்பது சட்டைக்கும் கஞ்சி போட ஆள் வேண்டுமே! பட்டியலில் இருந்த பலங்களில் பாதிப்பேரையே கப்பலில் ஏற்றவில்லை. பட்டியலிலேயே இல்லாத டார்க்கஸ், பிரபுவின் சட்டைகளின் பலத்தில் போர்க்களம் போனாள்.

கப்பல் துறைமுகத்தில் நின்றது. நாங்கள் மேட்டில், சேற்றில், கூடாரத்தில் இருந்தோம். பிரபு காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு யுத்தத்துக்கு வருவார். நாலு மணிக்குத் தேநீருக்குத் திரும்பிவிடுவார். அந்தக் குளிரிலும் எங்கள் கால்சட்டைகள் மின்னின. உள்ளேயிருந்த கால்கள்தான் ஒவ்வொன்றாகக் கறுத்தன. டிசம்பருக்குள் அறுபது பேர் எதிரியைப் பார்க்காமலே செத்துப்போனார்கள். அதில் நாற்பத்தியோரு பேருடைய மனைவிகள் பட்டியலில் இல்லாதவர்கள். பட்டியலில் இல்லாதவள் மனைவி அல்ல. மனைவி அல்லாதவள் விதவையாக முடியாது. ஆகவே யாருக்கும் கடிதம் போடவேண்டிய அவசியம் எழவில்லை. இத்தனை சாவுக்கு இத்தனை குறைவான விதவைகள் என்ற பெருமை வேறெந்தப் படைக்கும் கிடையாது.

இனி, பிரபுவை உலகப் புகழ் பெறச் செய்த ‘வெள்ளைக்குன்று வெற்றி’.

டிசம்பர் கடைசியில் ஒரு காலை. மூக்கு நுனி தெரியாத மூடுபனி. வழக்கத்துக்கு விரோதமாகப் பத்து மணிக்கே பிரபு வந்துவிட்டார். போட்டுக்கொள்ளக் காய்ந்த சட்டை ஒன்றுகூட இல்லையாம். அதனால் கோபமாக இருந்தார். எங்கள் முகாமுக்குப் பின்னால், தெற்கே, ஒரு சிறு குன்று. பனி விலகிய ஒரு கணத்தில் அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்தது.

"எதிரி!" என்றார் பிரபு.

கேப்டன் ஸ்லிங்ஸ்பி பணிவாக இருமினார். "மை லார்ட், எதிரி வடக்குப் பக்கம் இருக்கான். இது தெற்கு."

"நாம வடக்குலதான் வருவோம்னு அவனுக்குத் தெரியும். அதனாலதான் தெற்குல நிக்கறான். இதுகூடவா புரியலை?"

கேப்டனுக்குப் புரியவில்லை. மேதைகள் எப்போதும் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

"உருவு வாளை! பாய்!"

பாய்ந்தோம். எதிரிகள் அசையவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, விறைப்பாக, தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். கிட்டே போகப் போக, அவர்களில் ஒருவனுக்கும் தலை இல்லை என்பது தெரிந்தது. பிரபுவின் பெயரைக் கேட்டதுமே தலை போய்விட்டது என்று நான் அப்போது நினைத்தேன். அதற்கும் இருபது அடி கிட்டே போனபோதுதான், இரவு உறைபனியில் மரக்கட்டையாக விறைத்துப்போன நாற்பது கஞ்சிச் சட்டைகள் கொடியில் தொங்குவதைப் பார்த்தேன். நடுவில், வாய் நிறைய மரக்கவ்விகளைக் கடித்துக்கொண்டு, டார்க்கஸ் நின்றாள்.

அவள் கவ்விகளைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "யோவ்! ராத்திரிதான்யா கஞ்சி போட்டேன்! தள்ளிப் போங்கய்யா!"

யுத்த முழக்கத்தில் அது பிரபுவுக்குக் கேட்கவில்லை. வாழ்நாளில் யாரையும் சட்டை செய்யாதவர், அன்று சட்டைகளை எதிரிகளாக மதித்து வெட்டினார். கை தனியாக, காலர் தனியாக. டார்க்கஸ் கொடியைத் தாங்கும் கழியைப் பிடுங்கிக்கொண்டு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்று குதிரைகள் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அதில் ஒன்று என்னுடையது.

நெட் ஃபவுலின் குதிரைக்குக் கொடி காலில் சுற்றிக்கொண்டது. நெட் கீழே விழுந்தான். அடிகூட அதிகம் இல்லை. புரண்டு ஒதுங்கியிருந்தால் போதும். அந்தக் கால்சட்டையில் புரள முடியாது. பின்னால் வந்த நம் குதிரைகள் அவன்மேல் ஏறிப் போயின. மூன்று நாள் இருந்தான்.

நான்காம் நாள், போர் அறிக்கையைப் பிரபு தொட்டிக் குளியலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, நான்தான் எழுதினேன். ‘எதிரிகள் நாற்பது. ஒருவரும் தப்பவில்லை. நம் பக்கம் இழப்பு ஒன்று.’

"சரியா எழுதினியா, ப்ளம்?"

"ஆமா, மை லார்ட்."

ஊருக்குத் திரும்பியபோது ஆஷ்பரோவில் பூ வளைவு கட்டியிருந்தார்கள். எதிரியிடமிருந்து கைப்பற்றிய சீருடை ஒன்று நகர மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அதன் கீழ்முனையில் பிரபுவின் குலச்சின்னம் தையல் போட்டிருப்பதை ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்துக் கேட்டார். "எதிரிக்கும் என்மேல அவ்வளவு மரியாதை" என்றார் பிரபு, கண் கலங்க. லண்டன் கனவான்களிடையே தோளில் வாள்வெட்டு விழுந்த சட்டைதான் புதிய நாகரிகமாயிற்று. தையல்காரர்கள் புதுச் சட்டையைத் தைத்து, பிறகு கிழித்து, கிழித்ததற்குத் தனிக்கூலி வாங்கினார்கள். ‘பெவரிங்டன் வெட்டு’ இல்லாமல் ஒருவனும் விருந்துக்குப் போக முடியாது.

எனக்கு மட்டும் சலவை அறையில் வேறு வரவேற்பு காத்திருந்தது. டார்க்கஸ் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உதவியாகத் துணி பிழிந்துகொண்டிருந்தவள் லெட்டி. என்னைப் பார்த்ததும் லெட்டி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"எங்கே கிளம்பறே?" என்றேன்.

"கனடாவுக்கு. தம்பி டிக்கெட் அனுப்பியிருக்கான். சனிக்கிழமை லிவர்பூல்ல கப்பல்."

"டார்க்கஸ்!"

"நெட் செத்தது லெட்டிக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. மூணு மாசமா தினமும் பாசறை வாசல்ல வந்து நின்னிருக்கா. கடைசியில கறிக்கடைக்காரன் சொல்லியிருக்கான். ‘உன் ஆளு செத்துட்டானாமே, கறி கடன்ல குடுக்க முடியாது’ன்னு." அவள் ஒரு பாவாடையைத் தேவைக்கு மேல் அழுத்தி மடித்தாள். "நெட் எப்படிச் செத்தான்னு அவளுக்கு என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? எதிரியோட வாள்வீச்சுலயாம். எதிரி யாரு, ஜோசையா? நானா?"

"அறிக்கையில அப்படித்தான்..."

"அறிக்கையை எழுதினது யாரு?"

என் இரண்டு வாக்கியங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"பதினோரு வருஷம்" என்றாள். குரல் தணிந்துவிட்டது. அவள் கோபமாக இருக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. "உன்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்து வாயைத் திறன்னு."

"கேட்டா மட்டும் குடுத்துடுவாரா?"

"குடுக்கறதும் குடுக்காததும் அவர் இஷ்டம். கேக்கறது உன் வேலை. சனிக்கிழமை வரைக்கும் இங்கேதான் இருப்பேன்."

அது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை ஜெனரல் சர் ஹம்ஃப்ரி டேக்கம் வந்தார். பிரபுவுக்கு ராணியின் கையால் பதக்கமும் நகரச் சதுக்கத்தில் குதிரைமேல் சிலையும் ஏற்பாடாகியிருந்தன. அதற்குமுன் ஒரு சாட்சியை ‘சும்மா ஒப்புக்கு’ விசாரிக்க வேண்டுமாம். கேப்டன் ஸ்லிங்ஸ்பி உடல்நலத்துக்காக இத்தாலிக்குப் போயிருந்தார். அவருக்கு உடல்நலம் வேண்டும்போதெல்லாம் அது இத்தாலியில்தான் கிடைக்கும். ஆகவே சாட்சி நான்.

காலையில் பிரபு என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"ஜெனரல் கேள்வி கேப்பார். நீ என்ன சொல்வே?"

"ஆமா, மை லார்ட்."

"தப்பா ஏதாவது கேட்டா?"

"இல்லை, மை லார்ட்."

"சபாஷ். அடுத்த மாசம் நீதான் சார்ஜன்ட் மேஜர். தனி அறை, கணப்படுப்போட."

உணவுக்கூடத்தில் மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் தோளில் கிழிந்த சட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் மேசைவிரிப்புகளைச் சுமந்துகொண்டு டார்க்கஸும் லெட்டியும் நின்றார்கள். விரிப்புகளை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"அன்னிக்கு மூடுபனியா?" என்று ஜெனரல் ஆரம்பித்தார். வயதானவர். காதில் ஊதுகுழல் ஒன்றைப் பொருத்தியிருந்தார்.

"ஆமா, மை லார்ட்."

"பிரபுதான் முன்னால போனாரா?"

"ஆமா, மை லார்ட்."

"எதிரி பயந்து ஓடினானா?"

"இல்லை, மை லார்ட்."

கூட்டத்தில் பெருமூச்சு. அப்பேர்ப்பட்ட எதிரியையா! பிரபு அடக்கத்தோடு தம் அரைக்காதைத் தடவிக்கொண்டார்.

"எல்லாரும் வெள்ளைச் சீருடையா?"

"ஆமா, மை லார்ட்."

"ஒருத்தனாவது சரணடைஞ்சானா?"

"இல்லை, மை லார்ட்."

"பலே. கடைசியா ஒண்ணு. எதிரிங்க எத்தனை பேர்?"

நான் நிமிர்ந்து நின்றேன். எத்தனை என்ற கேள்விக்கு ஆமாவும் பொருந்தாது, இல்லையும் பொருந்தாது. ஜெனரல் ஊதுகுழலை என் பக்கம் நீட்டினார்.

"என்ன, ஊமையா இவன்?"

"ஒழுக்கம், ஜெனரல்!" என்று பிரபு பெருமிதத்தோடு எழுந்தார். "என் ஆளுங்க என் அனுமதியில்லாம ஆமா, இல்லைக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"அப்போ அனுமதி குடுத்துத் தொலைங்க. மதியச் சாப்பாடு ஆறுது."

பிரபு என் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எத்தனை பெருந்தன்மை! அந்தப் புன்னகைக்காகவே இந்த வரலாற்றை எழுதலாம்.

"பேசு, ப்ளம். உனக்கு அனுமதி குடுத்திருக்கேன். எத்தனை பேர்?"

பின்வரிசையில் டார்க்கஸ் மேசைவிரிப்பு மூட்டையைக் கீழே வைத்தாள். லெட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒருத்திதான், மை லார்ட்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பேரு டார்க்கஸ் ஃபென். மத்த நாற்பதும் உங்க சட்டை. நெட் ஃபவுலை எந்த எதிரியும் வெட்டலை. நம்ம கால்சட்டை போட்டிருந்ததால எழுந்திருக்க முடியாம, நம்ம குதிரைங்க காலடியிலயே மிதிபட்டுச் செத்தான். அதை எழுதாம விட்டவன் நான். நூத்துக்கணக்கான பேர் வாளை உருவிக்கிட்டு வந்தப்போ, ஒரு கழியை வெச்சுக்கிட்டு ஓடாம நின்னது அவ ஒருத்திதான்."

பிரபுவின் வாய் திறந்து, அப்படியே நின்றது. ஜெனரல் ஊதுகுழலைக் காதில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார். கொடுத்த அனுமதியை யாரும் இன்னும் திரும்ப வாங்காததால் நான் தொடர்ந்தேன்.

"மை லார்ட், அன்னிக்கு உங்களை எதிர்த்து நின்ன அந்த எதிரிப்படை மொத்தத்தையும் நான் கல்யாணம் பண்ணிக்க அனுமதி வேணும்."